வலது சீட்டிலிருந்து சின்ன விமானம் ஓட்டப் பழகுவது எப்படி

விமானி வழக்கமாக உட்காரும் இடது சீட்டில் நூறு, இருநூறு மணி நேரம் பறந்து, லேண்டிங் எல்லாம் கைவந்த ஒருவரை அதே செஸ்னா 172-இல் வலது சீட்டில் உட்கார வையுங்கள். முதல் லேண்டிங்கில் மூக்கு ஒரு பக்கம் திரும்பியபடி டயர் கீச்சிட இறங்குவார். கிட்டத்தட்ட எல்லோருக்கும் இது நடக்கிறது, எனக்கும் நடந்தது. அன்றைக்கு எனக்கு இரண்டே விஷயங்களை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த டயர்கள் தப்பியிருக்கும்: நேர் எதிரே என்பது கண்ணாடியில் எந்தப் புள்ளி என்பதும், பதற்றத்தில் என் கைகள் என்ன செய்யும் என்பதும். அவற்றைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன். இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்குக்குத் தயாராகிறவர்களுக்கும், நண்பரோடு மாறி மாறி ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். இதுவரை ஓட்டியே பழகாத, பக்கத்தில் உட்கார்ந்து வருகிற துணைவருக்கு இது மட்டும் போதாது, அவருக்கு அடிப்படையிலிருந்து தனிப் பயிற்சி வேண்டும்.

முதலில் ஒன்று. கால்களுக்கு எதுவும் மாறவில்லை. டேக்-ஆஃபுக்கு பவர் கொடுத்தால் மூக்கு இடது பக்கம்தான் இழுக்கும், வலது ரடர்தான் (மூக்கைத் திருப்பும் கால் பெடல்) வேண்டும், இடது சீட்டில் எவ்வளவு மிதித்தீர்களோ அதே அளவு. வலது சீட்டில் உட்கார்ந்ததும் சிலர் எல்லாமே கண்ணாடிப் பிம்பம் மாதிரி மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ரடரையும் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். யோசிக்க வேண்டாம், பழைய கால்களை அப்படியே விடுங்கள்.

நேர் எதிரே எது

இந்த விமானங்களின் கேபின் சுமார் ஒரு மீட்டர் அகலம். அதாவது நடுக்கோட்டிலிருந்து உங்கள் கண் 25, 30 சென்டிமீட்டர்தான் தள்ளி இருக்கிறது, கிட்டத்தட்ட ஒரு சாண். ரன்வேயின் நடுக்கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இறங்கினால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. எனவே தொல்லை இடத்தால் வருவதில்லை, கோணத்தால் வருகிறது.

உங்கள் கண்ணிலிருந்து மூக்கு நுனி, அதாவது ஸ்பின்னர், ஒரு இரண்டு மீட்டர் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்து அந்த நுனியைப் பார்த்தால் பார்வை விமானத்தின் அச்சுக்கு 7, 8 டிகிரி சாய்ந்து போகிறது. வலது சீட்டிலிருந்து பார்க்கும்போது இடது பக்கமாகச் சாயும். இப்போது ரன்வேயின் மறுமுனையை ஸ்பின்னருக்கு நேராகக் கொண்டுவந்து வைத்தீர்கள் என்றால் விமானத்தின் மூக்கு 7, 8 டிகிரி வலது பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். இதைவிட மோசமானது பழைய பழக்கம். இடது சீட்டில் நேர் எதிரே என்பது ஸ்பின்னருக்குக் கொஞ்சம் இடது பக்கம் தெரியும், அந்தப் படம் மூளையில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதே படத்தை வலது சீட்டிலும் தேடி, ரன்வேயை ஸ்பின்னருக்கு இடது பக்கம் வைத்தால் இரண்டு கோணமும் கூடி பிழை 15 டிகிரிக்குப் போய்விடும். 15 டிகிரி திரும்பிய மூக்கோடு சக்கரம் தரையில் பட்டால் அந்தப் பக்கவாட்டு விசை முழுவதையும் விமானத்தின் சக்கரக் கால்களும் டயர்களும்தான் தாங்க வேண்டும்.

சரி, நேர் எதிரே எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதில் ஒரு எளிமையான உண்மை கைகொடுக்கிறது. உங்கள் கண்ணிலிருந்து நேராகப் போகும் கோடும் விமானத்தின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையானவை, ஒரு சாண் இடைவெளி மட்டும்தான். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொருளுக்கு அந்த ஒரு சாண் ஒரு பொருட்டே இல்லை. அதனால் தூரத்தில் இருக்கும் ஒன்று உங்கள் மூக்குக்கு நேராக இருந்தால் விமானத்தின் மூக்குக்கும் நேராகத்தான் இருக்கிறது. ஸ்பின்னரை மறந்துவிட்டு, உங்கள் சொந்த முகத்துக்கு நேராக கௌலிங்கின் (இன்ஜினை மூடும் உறை) மேல் விளிம்பில் எந்த இடம் வருகிறது என்று கண்டுபிடித்தால் போதும்.

இதை இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்பே செய்யலாம். விமானத்தை மஞ்சள் டாக்சி கோட்டின் (விமானம் தரையில் ஓடும் பாதையின் கோடு) மேல் நேராக நிறுத்தி, மூக்குச் சக்கரம் கோட்டில் இருக்கிறதா, வால் கோட்டுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவரை 30, 40 மீட்டர் முன்னால் போய் கோட்டிலிருந்து ஒரு சாண் வலது பக்கம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் சீட்டை உங்களுக்குச் சரியான உயரத்திலும் தூரத்திலும் வைத்து, பெல்ட் போட்டு, ஓட்டும்போது உட்காருவது போலவே உட்கார்ந்துகொண்டு அவர் கௌலிங்கின் எந்த ரிவெட்டுக்கு மேல் தெரிகிறார் என்று பாருங்கள். கண்ணாடியில் அந்த இடத்தில் அழியக்கூடிய பேனாவால் ஒரு சின்னப் புள்ளி வைக்கலாம், அல்லது ஒரு துண்டு டேப் ஒட்டலாம். புள்ளி கிட்டத்தில் இருப்பதால் இரண்டு கண்ணையும் திறந்து தூரத்தைப் பார்க்கும்போது அது இரண்டாகத் தெரியும். அப்போது எந்தக் கண் உங்களுக்கு ஆதிக்கக் கண்ணோ அதைக் கொண்டு முடிவு செய்யுங்கள், எப்போதும் அதே கண். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தினாலே புள்ளி இடம் மாறும், அதனால் ஒவ்வொரு முறையும் சீட்டை அதே துளையில் வைப்பது முக்கியம். பழைய விமானங்கள் பலவற்றில் வலது சீட்டுக்கு உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்காது. குள்ளமானவர் என்றால் ஒரு கெட்டியான குஷன் எடுத்துக்கொண்டு போங்கள், அமுங்காத குஷனாக இருக்கட்டும்.

அந்தப் புள்ளியைப் பத்து நிமிடம் டாக்சி செய்யும்போதே சோதித்துவிடலாம். நீளமான நேரான டாக்சிவேயில் கோடு தூரத்தில் போய் மறையும் இடம் உங்கள் புள்ளியில் இருந்தால், மூக்கு நேராக இருக்கிறது. கிட்டத்தில் கோடு உங்கள் உடலுக்கு நேராக வரக்கூடாது, உங்கள் இடது முழங்காலுக்கும் இடது பக்கம் ஓட வேண்டும். இடது சீட்டில் அது வலது முழங்கால் பக்கம் ஓடியிருக்கும். முதல் நாள் கோடு உங்களுக்கு நேராக இருக்கும்படி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், பக்கத்தில் இருப்பவர் சொல்லும்வரை தெரியாது.

திரும்பும்போது கண் சொல்லும் பொய்

விமானம் நடு அச்சைச் சுற்றித்தான் உருளுகிறது, நீங்கள் அச்சுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் இடது சீட்டில் இருப்பவருக்கு இடது திருப்பத்தில் மூக்கு மேலே எழுவது போலவும், வலது திருப்பத்தில் கீழே இறங்குவது போலவும் தோன்றும். பறக்கப் படிக்கிற காலத்திலேயே இதற்குப் பழகி, அறியாமலே சரிசெய்துகொண்டு ஓட்டுகிறீர்கள். வலது சீட்டில் இது அப்படியே மாறுகிறது: வலது திருப்பத்தில் மூக்கு எழுவதாகத் தோன்றி யோக்கை (கையால் பிடித்து ஓட்டும் சக்கரம்) முன்னால் தள்ளி உயரம் இழப்பீர்கள், இடது திருப்பத்தில் மூக்கு தொங்குவதாகத் தோன்றி இழுத்து உயரம் ஏறுவீர்கள்.

3000 அடியில் இதனால் 100, 150 அடி ஏறி இறங்கினால் பெரிய விஷயம் இல்லை. ஆனால் இதையே சர்க்யூட்டில், அதாவது இறங்குவதற்காக ரன்வேயைச் சுற்றி வரும் செவ்வகப் பாதையில், யோசித்துப் பாருங்கள். வழக்கமான சர்க்யூட் இடது பக்கம். பேஸிலிருந்து (ரன்வேக்குக் குறுக்கே வரும் பகுதி) ஃபைனலுக்கு (ரன்வேக்கு நேரான கடைசிப் பகுதி) இடது பக்கம் திரும்புகிறீர்கள், வேகம் குறைவு, உயரம் 400, 500 அடி. வலது சீட்டில் இருக்கும் உங்கள் கண் மூக்கு தொங்குகிறது என்று சொல்கிறது, கை யோக்கை இழுக்கிறது. போதாக்குறைக்கு, ரன்வே இடது சீட்டுக்காரரின் தலைக்குப் பின்னால் மறைந்திருப்பதால் திருப்பத்தைத் தாமதமாகத் தொடங்கி, கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறீர்கள், மூக்கைச் சீக்கிரம் கொண்டுவர இடது ரடரை மிதிக்கத் தோன்றுகிறது. இழுத்த யோக், குறைந்த வேகம், அதிக இடது ரடர். ஸ்டால் ஆகி (இறக்கை தூக்கும் விசையை இழந்து) ஸ்பின்னுக்குப் (சுழன்று விழும் நிலைக்கு) போகத் தேவையான எல்லாமே அங்கே கூடிவிட்டன, மீட்க உயரமும் கிடையாது. வலது சீட்டில் பழகும் ஒவ்வொருவரும் இந்த ஒரு திருப்பத்தை மற்ற எல்லாவற்றையும்விடப் பயத்தோடு பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மருந்து என்னவென்றால், திருப்பத்தைக் கொஞ்சம் சீக்கிரம் தொடங்குங்கள், சாய்வு 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, திருப்பத்துக்கு உள்ளேயே ஒரு முறையாவது வேகத்தைப் பாருங்கள். கோட்டைத் தாண்டிவிட்டால் தாண்டியதுதான். இழுத்துப் பிடித்துத் திரும்ப வேண்டாம், கோ-அரவுண்ட் போங்கள், அதாவது இறங்காமல் பவர் கொடுத்து ஏறி மறுபடியும் சுற்றி வாருங்கள்.

உயரத்தில் இதைப் பழகும் விதம்: அந்தப் பேனாப் புள்ளியை அடிவானத்தோடு ஒட்டி வைத்து 30 டிகிரி, அப்புறம் 45 டிகிரி சாய்வில் இடதும் வலதும் முழு வட்டம் சுற்றுங்கள். ஸ்பின்னரைப் பார்க்காமல் உங்கள் புள்ளியை மட்டும் பார்த்தால் இரண்டு பக்கமும் படம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஐந்தாறு வட்டத்திலேயே வித்தியாசம் தெரியும்.

மீட்டர்களைச் சாய்வாகப் படிப்பது

முள் வைத்த பழைய மீட்டர்கள் எல்லாம் இடது சீட்டுக்காரருக்கு நேராக இருக்கின்றன. ஏர்ஸ்பீடு இண்டிகேட்டர் இருப்பது மேல் வரிசையில் இடது ஓரத்தில், உங்களுக்கு மிகத் தூரம். சுவர்க் கடிகாரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால் நிமிட முள் கொஞ்சம் தள்ளிக் காட்டுகிறதல்லவா, அதேதான் இங்கும். முள் டயலுக்கு முன்னால் மிதக்கிறது, வலது பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது டயலின் மேல் இடது பக்கம் நகர்ந்து தெரியும். எனவே முள் டயலின் உச்சியில் இருக்கும்போது குறைவாகப் படிப்பீர்கள், அடியில் இருக்கும்போது கூடுதலாகப் படிப்பீர்கள், மூன்று மணி ஒன்பது மணி இடங்களில் பிழை சொற்பம். ஆல்டிமீட்டரில் இது 10, 20 அடி அளவுக்குத்தான் வரும்.

திசைகாட்டிகளில் கவனம் வேண்டும். ஹெட்டிங் இண்டிகேட்டரை வலது பக்கத்திலிருந்து படித்தால் சில டிகிரி குறைவாகத் தெரியும், ஏனென்றால் முன்னால் உள்ள குறி அட்டையின் மேல் இடது பக்கம் நகர்கிறது, அங்கே எண்கள் சின்னவை. திரவத்தில் மிதக்கும் காந்தத் திசைகாட்டியில் எண்கள் எதிர்த் திசையில் ஓடுவதால் அதே நகர்வு அங்கே கூடுதலாகக் காட்டும். இரண்டையும் ஒப்பிட்டு ஹெட்டிங் இண்டிகேட்டரைச் சரிசெய்யும்போது இந்த இரண்டு பிழையும் ஒன்றோடொன்று கூடிவிடும். அதனால் இந்த வேலையை இடது சீட்டில் இருப்பவரிடம் விட்டுவிடுங்கள், தனியாக இருந்தால் தலையைச் சாய்த்து இரண்டையும் நேராகப் பார்த்துச் செய்யுங்கள்.

ஸ்லிப்பை (விமானம் பக்கவாட்டில் வழுக்குவதை) காட்டும் பந்து, நடுவில் இருக்கும்போதே உங்களுக்குக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளித் தெரியும். பந்தை மிதி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், நீங்களும் வலது பெடலை மிதிப்பீர்கள், விமானம் வழுக்கிக்கொண்டே போகும். சமதரையில் நிற்கும்போது இடது சீட்டுக்காரர் பந்து நடுவில் இருக்கிறது என்று சொல்லும் நேரத்தில் உங்களுக்கு எங்கே தெரிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் நடு. வேகத்துக்கும் இதையே செய்யலாம்: மேலே போய் ஃபைனலில் வைக்கும் வேகத்தில், உதாரணமாக 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) வேகத்தில், நிலையாகப் பறந்து அவர் 65 என்று சொல்லும்போது உங்கள் கண்ணுக்கு முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

திரை வைத்த விமானங்களில் முள்ளே இல்லாததால் இந்தப் பிழையும் இல்லை, தூரம்தான் தொல்லை. கார்மின் ஜி1000 இருந்தால் ஆடியோ பேனலின் அடியில் உள்ள சிவப்பு பட்டனை அழுத்தினால் பறப்புத் தகவல்கள் வலது பக்கத் திரையிலும் வந்துவிடும். முதல் சில மணி நேரத்துக்கு அது உதவும்.

கைகள்

இடது சீட்டில் இடது கை யோக்கில், வலது கை பவரைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலில். வலது சீட்டில் வலது கை யோக்கில், இடது கை த்ராட்டிலில். டயமண்ட் டிஏ40 போல நடுவில் ஸ்டிக் வைத்த விமானத்திலும், சிர்ரஸ் போலப் பக்கவாட்டு யோக் வைத்த விமானத்திலும் இதே மாற்றம்தான். இது ஒன்றும் இயற்கைக்கு மாறானதல்ல. போர் விமானங்களில் வலது கையில் ஸ்டிக், இடது கையில் த்ராட்டில்தான், பிரிட்டனின் விமானப்படை பயன்படுத்தும் குரோப் 115இ பயிற்சி விமானத்தில் ஓட்டுபவருக்கான இடமே வலது சீட்தான். பெரும்பாலான வலது கைக்காரர்களுக்கு அரை மணி நேரத்தில் ஓட்டம் பிடிபட்டுவிடும். பலமான கை என்பதால் ஆரம்பத்தில் பிடி இறுகும், விமானம் ஆடும். கட்டை விரலும் இரண்டு விரல்களும் போதும், ட்ரிம் (யோக்கில் கைக்கு வரும் பாரத்தைக் குறைக்கும் அமைப்பு) சரியாக வைத்திருந்தால் அதுவே அதிகம். ஃப்ளேரில் (தரையைத் தொடும் முன் மூக்கைத் தூக்கும் கட்டம்) ஒற்றைக் கையால் இழுக்கும்போது அந்தக் கையின் பக்கமே யோக் கொஞ்சம் திரும்பும், வலது சீட்டில் அது வலது பக்கம்.

சாதாரண ஓட்டத்தில் கைகள் பழகிவிடுவதுதான் ஆபத்து, ஏனென்றால் பழகிவிட்டோம் என்று நம்பிவிடுகிறோம். பதற்றத்தில் மூளை பழைய பாடத்தை எடுக்கும். கோ-அரவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல நூறு தடவை உங்கள் வலது கை முன்னால் தள்ளியிருக்கிறது, இடது கை யோக்கைப் பின்னால் பிடித்திருக்கிறது. தரையிலிருந்து பத்தடி உயரத்தில், விமானம் துள்ளி எழுந்த அந்த நொடியில், அதே பாடம் வலது சீட்டில் ஓடினால் வலது கை யோக்கை முன்னால் தள்ளும், இடது கை த்ராட்டிலைப் பின்னால் இழுக்கும். பவர் போய்விட்டது, மூக்கு கீழே பார்க்கிறது, அதற்குமேல் நேரமில்லை. லேண்டிங்கில் இப்படி ஆவதில்லை, இரண்டு கையும் பின்னால்தான் இழுக்கின்றன என்பதால் பழைய பாடமே ஓடினாலும் தெரியாது. அதனால்தான் லேண்டிங் நன்றாக வந்துவிட்டது என்பதை வைத்து கைகள் மாறிவிட்டன என்று முடிவுகட்டக்கூடாது.

இதற்கு வழி வெறும் பயிற்சிதான். தரையில், இன்ஜின் ஓடாத விமானத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லியபடி இடது கையால் தள்ளுங்கள், வலது கையால் மூக்கைப் பிடியுங்கள். இருபது தடவை. அப்புறம் 3000 அடியில் ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தட்டு) போட்டு, லேண்டிங் வேகத்துக்குக் குறைத்து, பக்கத்தில் இருப்பவர் எதிர்பாராத நேரத்தில் கோ-அரவுண்ட் என்று சொல்லச் செய்யுங்கள். பத்து தடவையில் ஒரு தடவைகூடக் கை தயங்காமல் வரும்வரை தரைக்கு அருகே லேண்டிங் பழக இறங்க வேண்டாம். நான் இதில் பிடிவாதமாக இருப்பேன்.

இன்னொரு கைப் பொறி செஸ்னாவில் இருக்கிறது. 152-இலும் கார்புரேட்டர் வைத்த 172-இலும் இடமிருந்து வலமாகக் கார்ப் ஹீட் (கார்புரேட்டரில் பனி பிடிக்காமல் சூடாக்குவது), த்ராட்டில், சிவப்பு மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவையை மாற்றுவது) என்று வரிசையாக இருக்கும். இடது சீட்டிலிருந்து கை நீட்டினால் முதலில் அகப்படுவது கார்ப் ஹீட். வலது சீட்டிலிருந்து நீட்டினால் முதலில் அகப்படுவது மிக்ஸ்சர், அதை இழுத்தால் இன்ஜின் நின்றுவிடும். எதையும் இழுப்பதற்கு முன் ஒரு கணம் கண்ணால் பார்த்துத் தொட்டு உறுதிசெய்யும் பழக்கம் வேண்டும், டவுன்விண்டில் (சர்க்யூட்டில் ரன்வேக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் பகுதி) கார்ப் ஹீட் போடும்போது முக்கியமாக.

எது எட்டும், எது எட்டாது

பறப்பதற்கு முன் வலது சீட்டில் பெல்ட் போட்டுத் தோள்பட்டி இறுக்கிய நிலையில் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். பைப்பர் பிஏ-28 குடும்பத்தில் எரிபொருள் தொட்டியை மாற்றும் திருகு இடது சுவரில், இடது சீட்டுக்காரரின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வலது சீட்டில் இருந்து அதை எட்டுவது மிகவும் சிரமம், இன்ஜின் இருமத் தொடங்கும்போது அதைச் செய்து பார்க்கக் கூடாது. எனவே அந்த விமானத்தில் இடது சீட்டில் இருப்பவருக்கு அதைத் திருப்பத் தெரிந்திருக்க வேண்டும், எப்போது யார் திருப்புவது என்று முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். செஸ்னா 172-இல் அது இரண்டு சீட்டுக்கும் நடுவே தரையில் இருப்பதால் பிரச்சினை இல்லை, ஆனால் மின்சாரத்துக்கான மாஸ்டர் ஸ்விட்சும் இன்ஜின் தீப்பொறிக்கான மேக்னெட்டோ சாவியும் இடது ஓரத்தில் இருக்கின்றன. இன்ஜின் தீப்பிடித்தால் அதை அணைப்பது யார் என்று அங்கேயும் பேசி வையுங்கள்.

பிஏ-28-இல் கதவு வலது பக்கம் மட்டும்தான். ஆகவே கதவை மூடி, பக்கத் தாழ்ப்பாளையும் மேல் தாழ்ப்பாளையும் போடுவது உங்கள் வேலை. அவசரத்தில் முதலில் வெளியேறி மற்றவர்களுக்கு வழிவிட வேண்டியவரும் நீங்கள்தான். பிரேக்கையும் பாருங்கள். பழைய பிஏ-28 சிலவற்றில் வலது சீட்டின் பெடல்களில் டோ பிரேக் (பாத நுனியால் மிதிக்கும் பிரேக்) கிடையாது, டாஷ்போர்டுக்கு அடியில் நடுவே இருக்கும் கை பிரேக்கை மட்டும்தான் நம்ப வேண்டும். வலது யோக்கில் ரேடியோவில் பேசும் பட்டன் இருக்கிறதா, வேலை செய்கிறதா? இல்லை என்றால் செருகிக்கொள்ளும் பட்டன் ஒன்று வேண்டும்.

செஸ்னாவில் சீட் தண்டவாளத்தில் ஊசி துளைக்குள் விழுந்து பூட்டியிருக்கிறதா என்று உடலை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். டேக்-ஆஃபில் சீட் பின்னால் வழுக்கினால் ஓட்டுபவர் யோக்கைப் பிடித்தபடியே பின்னால் போவார், மூக்கு வானத்தைப் பார்க்கும். இந்தத் தண்டவாளங்களைச் சோதிக்கச் சொல்லி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1987-இலேயே கட்டாய உத்தரவு போட்டது. பலரும் இடது சீட்டைத்தான் கவனமாகப் பார்க்கிறார்கள், இன்று ஓட்டப்போவது வலது சீட்.

இடது சீட்டில் யார் இருக்கிறார், பொறுப்பு விமானி யார், கட்டுப்பாட்டை எப்படிக் கைமாற்றுவது என்பதும் கிளம்பும் முன்பே முடிவாக வேண்டும். ஐ ஹேவ் கண்ட்ரோல், யூ ஹேவ் கண்ட்ரோல், மறுபடியும் ஐ ஹேவ் கண்ட்ரோல் என்று மூன்று முறையும் வாயால் சொல்லுங்கள். இரண்டு அனுபவசாலிகள் சேர்ந்து உட்காரும்போதுதான் மற்றவர் ஓட்டுகிறார் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொள்வது நடக்கிறது. முதல் சில பறப்புகளுக்கு வலது சீட்டில் கற்றுக்கொடுத்துப் பழகிய இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் இடது பக்கம் இருப்பதுதான் நல்லது.

சர்க்யூட்டும் இறக்கமும்

இடது சர்க்யூட்டில் டவுன்விண்ட் போகும்போது ரன்வே எதிர் ஜன்னல் வழியாகத் தெரியும். உங்கள் கண் அந்த ஜன்னலிலிருந்து அரை மீட்டர் கூடுதல் தூரத்தில் இருப்பதால், அதே உயரத்தில் அதே இடைவெளியில் பறந்தாலும் ரன்வே ஜன்னலில் ஒரு நாலைந்து விரற்கடை கீழே தெரியும். இடது சீட்டில் ஸ்ட்ரட்டில் (இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பி) எங்கே ரன்வேயை வைத்தீர்களோ அதே இடத்தில் வைக்க முயன்றால் தேவைக்கு மேல் தள்ளிப் போய்விடுவீர்கள். இடது சீட்டுக்காரரை சரியான இடைவெளியில் வைக்கச் சொல்லி, அப்போது உங்களுக்கு எங்கே தெரிகிறது என்று ஒரு முறை பார்த்துக்கொண்டால் தீர்ந்தது. அவரைச் சீட்டோடு சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள், நீங்கள் முன்னால் சாயுங்கள். வலது சர்க்யூட் கிடைக்கும் நாளில் முதல் லேண்டிங்குகளைப் பழகினால் பாதிச் சுமை குறையும், ரன்வே உங்கள் ஜன்னலிலேயே இருக்கும்.

ஃபைனலில் நடுக்கோடு உங்கள் புள்ளிக்கு நேராகத் தூரத்தில் போய் மறைய வேண்டும், கிட்டத்தில் அது உங்கள் இடது பக்கம் ஓட வேண்டும். பக்கக் காற்று இருந்தால் கிராப் போட்டு (மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பி) வருகிறபோது இந்தப் படம் குழம்பும், அதனால் முதல் பத்து லேண்டிங்குகளைக் காற்று நேராக வரும் நாளில் செய்யுங்கள். ஃப்ளேரில் மூக்கு எழுந்து ரன்வேயை மறைக்கும்போது பழைய பழக்கம் உங்கள் பார்வையை மூக்கின் இடது பக்கம் இழுக்கும். அங்கே கௌலிங்தான் தெரியும். மூக்கின் வலது பக்கம் பாருங்கள், ரன்வேயின் வலது விளிம்பு தூரத்தில் ஓடுவது தெரியும், தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். தொடும் முன் கடைசி இரண்டு நொடியில் மூக்கு வலது பக்கம் பார்க்கிறது என்ற சந்தேகத்தோடேயே இருங்கள். முதல் வாரத்தில் பெரும்பாலும் உங்கள் சந்தேகம் சரியாகவே இருக்கும், இடது ரடர் ஒரு துளி வேண்டியிருக்கும்.

பக்கக் காற்றில் இறக்கையைத் தாழ்த்தி இறங்கும்போது வலமிருந்து காற்று வந்தால் உங்களுக்குக் கீழே இருக்கும் சக்கரம் முதலில் தொடும், உடனே உணர்வீர்கள். இடமிருந்து வந்தால் எதிர்ப் பக்கச் சக்கரம் முதலில் தொடும், உங்கள் பக்கம் இன்னும் மேலே இருக்கும், தொட்டதே தெரியாமல் யோக்கைத் தளர்த்திவிடுவீர்கள். தளர்த்தாதீர்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பழகுங்கள், 5, 6 நாட் பக்கக் காற்றிலிருந்து தொடங்கி.

வலது சீட்டில் தனியாகப் பறக்க ஆசை வந்தால் முதலில் விமானத்தின் கையேட்டில் வரம்புகள் பகுதியைப் படியுங்கள், காப்பீட்டுத் தாளையும் படியுங்கள். அனுமதி இருந்தாலும் இடது சீட்டின் பெல்ட்டைப் பூட்டி இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள், தளர்ந்த பெல்ட் யோக்கில் மாட்டிக்கொள்ளலாம். பிஏ-28-இல் அந்த எரிபொருள் திருகுக்காகவே நான் வலது சீட்டிலிருந்து தனியாகப் போகமாட்டேன்.

எவ்வளவு நேரம் ஆகும்? ஓரளவு அனுபவம் இருப்பவருக்கு ஐந்தாறு மணி நேரத்தில் லேண்டிங் நேராக வரத் தொடங்கும். ஒரே வாரத்துக்குள் அடுத்தடுத்துப் பறப்பது நல்லது, நடுவில் இடது சீட்டுக்கு மாறாமல் இருந்தால் இன்னும் நல்லது. வலது பக்கம் உறுதியாகப் பதிந்த பிறகு இரண்டையும் கலக்கலாம். பல மாதம் வலது சீட்டிலேயே இருந்துவிட்டு இடது சீட்டுக்குத் திரும்பும் நாளில் இதே பிழைகள் எதிர்ப் பக்கமாக வரும், மூக்கு இடது பக்கம் பார்த்துக்கொண்டு இறங்கும், கோ-அரவுண்டில் கை தயங்கும். பயணிகளை ஏற்றுவதற்கு முன் இன்ஸ்ட்ரக்டர் ஒருவரோடு மூன்று நான்கு சர்க்யூட் போங்கள், அதில் இரண்டாவது கோ-அரவுண்டாக இருக்கட்டும்.